சோப்பின் மேல் குற்றமில்லை

“அதெல்லாம் சலூன் சோப்பு, வேண்டாம்” என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. கடையில் ஒருவர் வட்டமான ஷேவிங் சோப்பைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்தில் நிற்பவர் அக்கறையோடு இந்த அறிவுரையைச் சொல்லிவிடுவார். நுரை நிற்காது, முகம் வறண்டு எரியும், மட்டமான எண்ணெயில் செய்தது, சுத்தமும் போதாது. முகத்தின் மேல் அக்கறை உள்ளவர் டப்பா நுரையோ ஜெல்லோ வாங்க வேண்டும். கையில் அவ்வளவு காசில்லாவிட்டால் டியூப் கிரீமாவது வாங்க வேண்டும். சொல்பவர் ஆதாரம் காட்டுவதில்லை. கேட்பவர் ஆதாரம் கேட்பதுமில்லை. விலை குறைவு என்பதே போதுமான ஆதாரமாகிவிட்டது.

நானும் ஒரு காலத்தில் இதை நம்பியவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறேழு ஆண்டுகள் டப்பா நுரையில்தான் முகம் மழித்தேன். அப்பா வைத்துவிட்டுப் போன பிரஷ் அலமாரியில் சும்மா கிடந்தது. பிறகு சோப்புக்குத் திரும்பினேன். இருபது ஆண்டுகளாக அதை விடவில்லை. இந்தக் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, என் முகத்திலும் என் வீட்டுக் குழாயடியிலும் சோதித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றில் உண்மையின் சாயல் உள்ளவையும் உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனால் சோப்பின் தலையில் நாம் கட்டும் பழியில் பெரும்பகுதி தண்ணீருக்கும் பிளேடுக்கும் நம் அவசரத்துக்கும் சேர வேண்டியது.

முதலில் எந்தச் சோப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். “சோப்புப் போட்டு ஷேவ் பண்ணிப் பார்த்தேன், முகமெல்லாம் எரிச்சல்” என்பவர்களிடம் என்ன சோப்பு என்று கேட்டால், பாதிப் பேர் குளியல் சோப்பின் பெயரைச் சொல்கிறார்கள். அவர்கள் அனுபவம் உண்மை. ஆனால் அது ஷேவிங் சோப்புக்கு எதிரான சாட்சியம் ஆகாது. இரண்டும் வேறு வேறு பண்டம். குளியல் சோப்பு அநேகமாக முழுக்கக் காஸ்டிக் சோடாவில் காய்ச்சப்படுவது. கட்டியாக இருக்கும், அழுக்கை எடுக்கும், பெரிய குமிழியாக நுரைக்கும், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் சேர்ப்பார்கள். அதனால்தான் அது நனைந்த பிரஷ் பட்டதும் இளகிக்கொடுக்கிறது. கூடவே ஸ்டியரிக் அமிலத்தைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். மெழுகுவர்த்தியில் கலக்கும் அதே வெள்ளைக் கொழுப்பு அமிலம்தான் அது. 69 டிகிரிக்கு மேல்தான் உருகும். நுரைக்குக் கெட்டியும் ஆயுளும் கொடுப்பது இதுதான். தேங்காய் எண்ணெயின் பங்கு நுரையைச் சீக்கிரம் எழுப்புவது. எழுப்ப ஒன்று, நிறுத்த ஒன்று என்ற இந்தச் சேர்மானம் புதிதல்ல. அமெரிக்காவில் 1840-இல் ஜேம்ஸ் பேக்கர் வில்லியம்ஸ் என்ற மருந்துக் கடைக்காரர் ஷேவிங்குக்கென்றே தனிச் சோப்பை விற்கத் தொடங்கியதிலிருந்து, தாடிக்கு என்ன நுரை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தேறிய பக்குவம் இது.

இனி முதல் குற்றச்சாட்டு: நுரை நிற்காது.

எங்கள் வீடு கோயம்புத்தூரில். இங்கே பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் சிறுவாணி வரும்; அது நல்ல தண்ணி. இன்னொன்றில் போர் தண்ணீர் வரும். அதற்கு உப்புத் தண்ணி என்று பெயர். உப்புத் தண்ணி பிடிக்கிற வாளியின் உள்பக்கத்தில் வெள்ளையாக ஒரு தோல் படியும். குழாய் வாயில் சுண்ணாம்பு கட்டிக்கொள்ளும். சமையலுக்கும் குடிக்கவும் நல்ல தண்ணி, குளிக்கவும் துவைக்கவும் உப்புத் தண்ணி என்று பிரித்துப் புழங்குவோம். சோப்புக்கு மாறிய புதிதில் நுரை சரியாக வரவில்லை என்று எங்கள் தெருமுனை சலூன்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் கையில் இருந்ததும் அதே வட்டச் சோப்புதான். அவர் கிண்ணத்தில் நுரை வெண்ணெய்போல் திரண்டிருந்தது. “ஏனுங்ணா, எங்கிட்ட மட்டும் இப்படி வரமாட்டேங்குது?” என்றேன். “சோப்பு மேல ஒரு குத்தமும் இல்லீங்க தம்பி. உப்புத் தண்ணியில போட்டா எந்தச் சோப்புதான் நொரைக்கும்? நான் கடைக்குன்னு தெனமும் ஒரு கொடம் நல்ல தண்ணி பிடிச்சு வெச்சுக்கறேன்” என்றார்.

அன்று மாலையே சோதித்துப் பார்த்தேன். ஒரு டம்ளரில் நல்ல தண்ணி, ஒரு டம்ளரில் உப்புத் தண்ணி. பிரஷ்ஷை நல்ல தண்ணியில் நனைத்து, இரண்டு உதறு உதறி, சோப்பின் மேல் முப்பது சுற்றுச் சுற்றினேன். முதலில் கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழிகள் வந்தன. பத்துச் சுற்றுக்கு மேல் குமிழி சிறுத்தது. கிண்ணத்தில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைத்தபோது கெட்டித் தயிர்போல் ஆனது. பிரஷ்ஷைத் தூக்கினால் நுரையின் நுனி வளைந்து அப்படியே நின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்தேன், விழவில்லை. பிரஷ்ஷையும் சோப்பையும் கழுவிவிட்டு உப்புத் தண்ணியில் அதே முப்பது சுற்று. சாம்பல் கலந்தாற்போல் மங்கலான நுரை வந்தது. ஐந்து நிமிடத்தில் ஓரமெல்லாம் நீர் கசிந்து நடுவில் குழிவிழுந்தது. கிண்ணத்தின் பக்கங்களில் பிசுபிசுப்பாக ஒரு வெள்ளைப் படிவு ஒட்டியிருந்தது.

அந்தப் படிவில்தான் விஷயம் இருக்கிறது. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத படிவாக மாற்றிவிடுகின்றன. அப்படி மாறிய சோப்பு நுரைக்காது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600 உள்ள ஒரு லிட்டர் தண்ணீர், கணக்குப்படி, மூன்றரை கிராமுக்கு மேல் சோப்பை விழுங்கிய பிறகுதான் நுரைக்கவே சம்மதிக்கும். மாநிலம் முழுவதும் எத்தனை வீடுகளில் போர் தண்ணீர்தான் புழக்கத்தில் இருக்கிறது! அத்தனை குளியலறைகளிலும் தண்ணீர் செய்த காரியத்துக்குச் சோப்பு பழி சுமக்கிறது.

நல்ல தண்ணி கிடைக்காதவருக்கும் வழி உண்டு. ஒரு டம்ளர் கேன் தண்ணீர் போதும். மழைக் காலத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் அதைவிட நன்று. அதுவும் இல்லையென்றால் சோப்பைக் கூடுதலாக எடுக்க வேண்டும். நான் உப்புத் தண்ணியிலேயே முப்பதுக்குப் பதில் அறுபது சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். சவரத்துக்குப் போதுமான நுரை வந்துவிட்டது. நுரை நிற்கவில்லை என்பவர்களில் பலர் பிரஷ்ஷைத் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து, சோப்பில் நாலு தடவு தடவிவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள். அரிசியைக் கைப்பிடி போட்டுவிட்டு உலையை நிறைய வைத்தால் கஞ்சிதான் வரும். அரிசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு: தோலை வறட்டிவிடும். இதில் உண்மையின் சாயல் உண்டு. சோப்பு காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும். நம் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய மெல்லிய அமிலத்தன்மை உடையது. அதனால் சோப்பு பட்டதும் தோலின் இயல்பு கொஞ்சம் குலையத்தான் செய்யும். ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். கரப்பான், தோல் அழற்சி போன்ற தொல்லை உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்டு நடப்பதே முறை. அவர்களிடம் இந்தச் சோப்பைத்தான் போட வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் மற்றவர்களுக்குச் சோப்பு ஆகாது, டப்பா நுரைதான் ஆகும் என்பவர்கள், அந்த டப்பாவைத் திருப்பிப் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். வழக்கமான டப்பா நுரையில் முதலில் தண்ணீர். அடுத்து ஸ்டியரிக் அமிலம். அதையடுத்து டிரைஎத்தனாலமைன் என்ற காரப் பொருள். கொழுப்பு அமிலமும் காரமும் சேர்ந்தால் கிடைப்பதற்குப் பெயர் சோப்பு. அதனுடன் சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேன், புரொப்பேன் வகை வாயுக்களை அடைத்து, அழுத்தினால் பொங்கும்படி செய்திருக்கிறார்கள். டியூப் கிரீமைத் திருப்பினாலும் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும்தான். டப்பா நுரையின் காரம் கட்டிச் சோப்பைவிடச் சற்றுக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடும்பம் ஒன்றுதான். சோப்பு கெட்டது, அதனால் நுரைக்கு மாறினேன் என்பவர் சோப்பிலிருந்து சோப்புக்குத்தான் மாறியிருக்கிறார்.

அப்படியானால் எரிச்சல் எங்கிருந்து வருகிறது? பத்து நாள் ஓடிய மழுங்கல் பிளேடிலிருந்து வருகிறது. முடி வாட்டத்தைப் பார்க்காமல், எடுத்த எடுப்பிலேயே எதிர்வாட்டில் அழுத்தி இழுப்பதிலிருந்து வருகிறது. பல அலகு ரேசர்கள் முடியைத் தூக்கித் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுவதால், சுருள் முடிக்காரர்களுக்கு வெட்டிய முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகிறது. கடைசியில் ஆல்கஹால் கலந்த லோஷனை அறைந்துகொள்கிறோம், அதுவும் வறட்டுகிறது. இவற்றோடு உப்புத் தண்ணியில் முகம் கழுவும்போது கரையாத அந்தப் படிவு தோலிலேயே தங்கி அரிக்கிறது. இத்தனையும் சேர்ந்த எரிச்சலை ஒரே ஒரு பொருளின் மேல் போடுகிறோம். அந்தப் பொருள் எல்லாவற்றிலும் மலிவானதாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது: மட்டமான எண்ணெயில் செய்தது. மாட்டுக் கொழுப்பு, பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகிய இவைதான் உலகம் முழுக்க ஷேவிங் சோப்பின் மூலப்பொருள்கள். துருக்கியில் எவ்யாப் நிறுவனத்தின் ஆர்கோ என்ற குச்சிச் சோப்பு கொழுப்பில் செய்தது, மிக மலிவானது. அந்நாட்டு முடிதிருத்துநர்கள் காலங்காலமாக அதைத்தான் முகத்தில் தேய்த்து நுரையாக்குகிறார்கள். அதன் மணம் பிடிக்காதவர்கள் உண்டு. அவர்களிலும் பலர் நுரையைக் குறை சொல்வதில்லை. நம் நாட்டுச் சோப்புகள் பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்தவை. எதில் செய்தாலும், கடைசியில் கிண்ணத்துக்கு வருவது அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலம்தான். மரக்கிண்ணத்தில் வைத்துப் பத்து மடங்கு விலைக்கு விற்கும் சோப்பிலும் ஸ்டியரிக் அமிலமும் தேங்காய் எண்ணெயும்தான் வேலை செய்கின்றன. கூடுதல் விலை வாசனைக்கும் கிண்ணத்துக்கும் போகிறது. தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகும் பொருள்களில் வாசனைப் பொருள்களும் அடக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விலை கூடினால் தாடி கூடுதலாக மென்மையாகும் என்ற நம்பிக்கை எப்படி வளர்ந்தது என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 1959-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கால்கேட்-பாமாலிவ் நிறுவனத்தின் ராபிட் ஷேவ் என்ற டப்பா நுரைக்கு ஒரு விளம்பரம் வந்தது. உப்புத்தாளின் மேல் நுரையைப் போட்டு ஒரே இழுப்பில் ரேசரால் மணலையெல்லாம் வழித்துக் காட்டினார்கள். உப்புத்தாளையே மழிக்கும் நுரைக்குத் தாடி எம்மாத்திரம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது உப்புத்தாளே இல்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் மணலைத் தூவி வைத்திருந்தார்கள். அசல் உப்புத்தாளை அப்படி மழிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 80 நிமிடம் ஊற வேண்டும். வழக்கு மேலே மேலே போய், 1965-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் செய்முறைக் காட்சி மக்களை ஏமாற்றுவது என்று தீர்ப்பளித்தது. விளம்பரம் ஓய்ந்துபோனது. டப்பாவிலிருந்து வருவது தாடியை நொடியில் இளக்கிவிடும் என்ற எண்ணம் ஓயவில்லை.

தாடியை இளக்குவது தண்ணீர்தான். காய்ந்த தாடி முடி விறைப்பானது. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் உப்பி இளகும், வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறையும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். முடியின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துத் தண்ணீருக்கு வழிவிடுவது சோப்பின் வேலை. இளகிய முடியைக் காயவிடாமல் ஈரத்தைப் பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிப் போக இடம் கொடுப்பதும் நுரையின் வேலை. பிரஷ் முடியைத் தூக்கி நிறுத்தி, அடிவேர் வரை ஈரத்தைக் கொண்டுபோகிறது. சோப்பும் பிரஷ்ஷும் வைத்துச் சவரம் செய்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த மூன்று நிமிடத்தைச் செலவழித்தாக வேண்டும். அதற்குள் தாடி தானாகவே பதமாகிவிடுகிறது. டப்பா நுரை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்வது அதே மூன்று நிமிடத்தைத்தான். நல்ல சவரத்துக்கு எது ஆதாரமோ அதையே கழித்துவிட்டு, கழித்ததற்குக் கூடுதல் காசும் வாங்குகிறார்கள். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அது வசதி. வசதிக்காக வாங்குகிறேன் என்றால் எனக்கு மறுப்பில்லை. தரத்துக்காக வாங்குகிறேன் என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தை முதல் நாள் புதுச் சோப்பைப் பிரித்தேன். தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து மடித்துச் சோப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம். கடைசிச் சில்லு கரைந்தபோது ஆடிப்பெருக்கு வந்துவிட்டது. இரண்டு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசில் ஏறக்குறைய நூறு சவரம். மிஞ்சிய குப்பை சோப்பைச் சுற்றியிருந்த காகிதம் மட்டுமே.

நான்காவது: சுத்தமில்லை. ஒரே சோப்பைத் திரும்பத் திரும்பத் தொடுவதால் கிருமி தங்கும் என்கிறார்கள். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே பாக்டீரியாவைத் தடவிய கைகழுவும் சோப்புக் கட்டிகளைக் கொடுத்துக் கழுவச் செய்து பார்த்தார்கள். கழுவிய கைகளில் அந்தப் பாக்டீரியா தென்படவில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் புழங்கும் சோப்பையும் பிரஷ்ஷையும் பற்றி அஞ்ச எதுவும் இல்லை. அலசி, உதறி, காற்றுப் படும்படி வைத்தால் போதும்.

சலூனில் பலருக்கு ஒரே பிரஷ் போடுவது வேறு விஷயம். அந்தத் தயக்கம் நியாயமானது. பிரஷ்ஷால் நோய் பரவிய வரலாறும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், சரியாகச் சுத்திகரிக்காத குதிரை மயிரில் செய்த ஷேவிங் பிரஷ்களால் பலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. அப்போதும் நோய் வந்தது மயிரிலிருந்து, சோப்பிலிருந்து அல்ல. நம் ஊரில் உண்மையான ஆபத்து பலருக்கும் ஒரே கத்தி என்பதில் இருந்தது. எய்ட்ஸ் விழிப்புணர்வு பரவிய காலத்தில் அது பெருமளவு மாறியது. இன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் நம் கண்முன்னே புது பிளேடைப் பிரித்து, காகிதத்தோடு சேர்த்து இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் மாட்டுகிறார்கள். பிரஷ் பற்றித் தயக்கம் இருந்தால் நம் பிரஷ்ஷை நாமே கொண்டுபோகலாம். நான் கொண்டுபோகிறேன், எந்த சலூன்காரரும் முகம் சுளித்ததில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்குள் உறுத்துவது “சலூன் சோப்பு” என்ற அந்தச் சொல்தான். வசைச்சொல்லாகவே அதைப் புழங்குகிறோம். ஆற அமர யோசித்தால் அது நற்சான்றாக அல்லவா இருக்க வேண்டும்? வாரத்தில் மூன்று நாள் தன் ஒரு முகத்தை மட்டும் மழிப்பவருக்குச் சோப்பைப் பற்றி அதிகம் தெரியுமா, நாளைக்கு முப்பது முகத்துக்கு நுரை போடுபவருக்குத் தெரியுமா? தச்சர் வைத்திருக்கும் உளியை நல்ல உளி என்கிறோம். சமையல்காரர் வாங்கும் பருப்பை நல்ல பருப்பு என்று நம்பி நாமும் வாங்குகிறோம். சவரத் தொழிலாளி தேர்ந்தெடுத்த சோப்பை மட்டும் மட்டம் என்கிறோம். இதில் சோப்பைவிடப் பழைய ஒரு இளக்காரம் ஒளிந்திருக்கிறது. ஊருக்கு முடிதிருத்தியதோடு வைத்தியமும் பார்த்து, மருத்துவர் என்றே பெயர் பெற்றிருந்த சமூகத்தின் கைவினை அறிவை நாம் அறிவாகவே எண்ணியதில்லை. அவர்கள் தொட்டதைக் கீழாகப் பார்க்கும் பழக்கம் கண்ணை விட்டுப் போனாலும் நாக்கில் மிஞ்சியிருக்கிறது. அது கடையில் சோப்பு எடுக்கும்போது வெளிவருகிறது.

உப்புத் தண்ணி விஷயத்தை எனக்கு விளங்கவைத்தது எந்த டப்பாவின் பின்பக்கமும் அல்ல, தெருமுனை சலூன்காரர்தான். கால்சியம், மக்னீசியம் என்ற பெயரெல்லாம் அவர் சொல்லவில்லை. தினமும் கடையைத் திறக்குமுன் ஒரு குடம் நல்ல தண்ணி பிடித்து வைத்தார். இந்தச் சோப்பை வேண்டாம் என்று ஒதுக்க நினைப்பவர்கள் அதற்குமுன் அவர் செய்ததைச் செய்து பார்க்கட்டும். ஒரு டம்ளர் நல்ல தண்ணி, முப்பது சுற்று, மூன்று நிமிடப் பொறுமை, புது பிளேடு. அதற்குப் பிறகும் முகம் எரிந்தால் சோப்பை மாற்றலாம்.